வெறும் ஸ்பிரிட் ஒரு சொட்டு

மூலிகைக் கம்பெனி முதலாளி தணிகாசலம், கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டைச் சந்தைச் சங்கத்தாரிடம் தூக்கிக் காட்டினார். "என் குப்பைமேனிச் சாறு விழுந்த இடத்துல கிருமி செத்து வட்டமா வெளுத்திருக்கு. இவ சாறு ஒண்ணுமே பண்ணலை. போலி இலை விக்கிறா, கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க!"

இலைக்காரி சொர்ணக்கிளி அசரவில்லை. "எதுல ஊற வச்சீங்க?"

"ஸ்பிரிட்டுல."

"நான் தண்ணியில. இலையே போடாத ஸ்பிரிட்டையும் ஒரு சொட்டு விட்டுப் பாப்போமா? ஏன் முதலாளி, வேர்க்குது?"

சங்கத்தார் விடவில்லை. தங்கள் கண்ணெதிரிலேயே புதுத் தட்டில் சொட்டு விடவைத்தார்கள். மறுநாள் பார்த்தால், வெறும் ஸ்பிரிட்டைச் சுற்றியும் அதே அளவு வட்டம்!

சொர்ணக்கிளி தன் கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் இலையை இலைன்னுதான் விக்கிறேன். இவரு ஸ்பிரிட்டை மருந்துன்னு விக்கிறாரு. இப்பச் சொல்லுங்கய்யா, யாரு காலி பண்ணணும்?"