மேசையைத் தேடிய நண்டு

“உன் கணினியில் ஓடுகிறது என்பதற்காக ஊரெல்லாம் ஓடும் என்று உனக்கு யார் சொன்னது? கட்டிக் கட்டி அனுப்புகிறாயே, ஒரு தடவையாவது வெளியே வந்து நின்று பார்த்தாயா?”

தன்னை நிரலாக எழுதியவனைப் பார்த்துத்தான் நண்டு இப்படிக் கத்தியது. அவன் காதில் விழவில்லை. விழாது. அது கடல் நண்டு இல்லை; தூத்துக்குடியில் ஒரு கணினிக்குள் குடியிருந்த விளையாட்டு. அம்புக்குறியை அழுத்தினால் அலைக்குத் தப்பி மணலில் ஓடும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

அதன் உருவத்தை வரைந்தவள் அவனுடைய அக்கா பிரிசில்லா. ஒரு லீவில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கொடுக்கைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் வரைந்து, “இத ஓட வைலே, பாப்போம்” என்று கிழித்துக் கொடுத்தாள். அவன் ஓட வைத்து முடிப்பதற்குள் அவள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். நண்டுக்கு அன்றிலிருந்து ஒரே ஏக்கம். வரைந்த கை தன்னை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணினியில் பைத்தான் என்றொரு மலைப்பாம்பு இருந்தது. நண்டின் நிரல் வரிகளை அது வாசித்துச் சொன்னால்தான் கணினிக்குப் புரியும். முதல் தடவை அவன் பாம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு நண்டை மட்டும் அக்காவுக்கு அனுப்பினான்.

அக்காவின் கணினி வேறு ரகம். அதன் இயங்குதளம் வாசலில் காவலாளியாக உட்கார்ந்திருந்தது.

“ஏனுங்க, நீங்க பேசுறது ஒண்ணுமே புரியலீங்களே. உங்க பாஷை தெரிஞ்ச ஆள் யாரும் கூட வரலீங்களா?”

நண்டு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியது.

இரண்டாம் தடவை அவன் பாம்பையும் சுருட்டி உள்ளே திணித்துப் பொட்டலம் கட்டினான். காவலாளி பிரித்துப் பார்த்துக் கையை விரித்தது.

“இது உங்க ஊர்ப் பாம்புங்க. இங்கத்த தண்ணி அதுக்கு ஆகாது. எங்க ரகக் கணினியில உக்காந்து கட்டுன பொட்டலமா இருக்கோணும்.”

“அஞ்சு நிமிஷம் விடும்யா.”

“ஆகாதுங்க.”

“சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ரெண்டு நிமிஷம்! ஒரு அலை வந்து போற நேரம்!”

“நேரத்துல என்னங்க பேரம்? பாம்பு கண்ணே முழிக்காதுங்க.”

அன்று பிரிசில்லா தம்பிக்குப் போன் போட்டாள். “ரெண்டு தடவை ஆச்சுலே. திறக்கும்போதெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குது, அப்புறம் ஒண்ணும் இல்லாமப் போகுது. மூணாவதும் இப்படின்னா அழிச்சிருவேன். அதுக்கப்புறம் நீ அனுப்பவே அனுப்பாத.”

அவன் பயந்துபோனான். அக்காவுடையதைப் போன்ற கணினி வைத்திருந்த நண்பன் வீட்டுக்கு ஓடி, அங்கேயே உட்கார்ந்து கட்டினான். அந்த ரகத்துப் பாம்பு, அக்கா வரைந்த படம், அலைச் சத்தம், எல்லாம் உள்ளே. கட்டியதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தானா? இல்லை. இனி ஓடாமலா போகும் என்று அப்படியே அனுப்பிவிட்டான்.

“அனுப்புனவர் யாருன்னு முத்திரை இல்லீங்களே” என்று காவலாளி இழுத்தது.

“என் தம்பி அனுப்புனது. உள்ள விடு” என்று பிரிசில்லா அழுத்தினாள்.

கதவு திறந்தது. நண்டு உள்ளே வந்தது. அம்புக்குறியின் மேல் அவள் விரல் தயாராக இருந்தது.

பாம்பு வாசிக்கத் தொடங்கியது. “முதல் வேலை, உன் உருவத்தை எடுத்துப் போட்டுக்க.”

“எங்க இருக்கு?”

“அவன் பேர் போட்ட அறை. அதுல மேசை, அதான் டெஸ்க்டாப். மேசை மேல படங்கள் பெட்டி. அப்படித்தான் எழுதியிருக்கான்.”

நண்டு ஓடியது. பிரிசில்லாவின் கணினியில் அவன் பேர் போட்ட அறை ஏது, அவன் மேசை ஏது? சுற்றிச் சுற்றி வந்தது.

பொட்டலத்துக்குள்ளிருந்து படம் கூவியது. “ஏய், நான் இங்கதான் இருக்கேன்! உன் முதுகுக்குப் பின்னால!”

“தெரியுது! ஆனா எழுதுன இடத்துல மட்டுந்தான் என்னால தேட முடியும்!”

திரை கறுத்தது. நண்டின் கடைசி மூச்சாக ஒரு வரி மட்டும் அதில் நின்றது. தம்பியின் மேசையில் தேடியது, அங்கே படம் இல்லை என்று.

பிரிசில்லாவின் விரல் அம்புக்குறியை விட்டு அழிக்கும் பொத்தானுக்குப் போனது. மறு கையில் போன்.

“எனக்கு இங்க நல்லா ஓடுதேக்கா!”

“ஓடாம என்ன செய்யும்? உன் மேசை உன் வீட்டுல இருக்கு. இது என் கணினிக்குள்ள வந்து உன் மேசையத் தேடுதுலே!”

தம்பி யோசித்தான். அவள் அழுத்தவும் இல்லை, விரலை எடுக்கவும் இல்லை. தன்னை வரைந்த விரலை நண்டு முதல் தடவையாக இத்தனை கிட்டத்தில் பார்த்தது.

“என்னை எழுதினவனே, நான் புதுக் காலோ புதுக் கடலோ கேட்கவில்லை. என் படம் என் பக்கத்திலேயே கிடக்கிறது. பக்கத்தில் பார் என்று ஒரே ஒரு வரியைத் திருத்து. யோசித்தது போதும். அந்த விரல் அழுத்துவதற்குள் திருத்து!”