மிச்சமான ஒரு ஸ்க்ரூ

பியூலாவின் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். நேராக ஆவுடையப்பனிடம் போய்க் கும்பிடுவார்கள். அறுபத்து மூன்று வயது, நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தால் குரு மாதிரிதான் இருக்கும்.

"நான் சீடன்வே. குரு அந்தா மிஷினுக்கு அடியில படுத்துக் கிடக்காங்க" என்பார் அவர்.

அடியில் இரண்டு பாதம் மட்டும் தெரியும். பியூலாவுக்கு முப்பத்தேழு வயது.

ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில் தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, ஏலத்தில் ஒரு பழைய கால்மிதி தையல் மிஷினை ஆசைப்பட்டு எடுத்துவிட்டார். ஓடவில்லையே என்று பியூலாவிடம் கொண்டுவந்தார். மிஷின் ஓட ஆரம்பித்தது. மனுஷர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இப்போது மூன்று வருஷமாகிறது.

பியூலா தொடுவது சட்டை தைக்கிற சின்ன மிஷின் இல்லை. தார்ப்பாயும் தோலும் பந்தல் துணியும் தைக்கிற பெரிய ஜாதி. இரும்புக் கால், ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு சக்கரம், தூக்க நாலு பேர் வேண்டும். எந்த ஊரில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்று காதில் விழுந்தாலும் பஸ் ஏறிவிடுவார். பட்டறையில் நடக்க இடமில்லை. இரும்புப் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. ஆவுடையப்பனுக்கும் உள்ளுக்குள் அதே அபிப்பிராயம்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த மிஷினைச் சாய்த்து, பலகைக்கு அடியில், சரிசெய்தவர் பேரை வெள்ளைப் பெயிண்டில் எழுத வேண்டும். இதுவரை எழுதியது எல்லாம் பியூலாவின் பேர். ஆவுடையப்பனுக்கோ முப்பது வருஷம் கோப்பு எழுதிய கை, முத்து முத்தான எழுத்து. ஒரே ஒரு பலகையில் தன் பேர் ஏறாதா என்று மனுஷர் ஏங்கிப்போய்க் கிடந்தார். வெளியே சொல்ல வெட்கம்.

ஆடி மாதம் பந்தல்காரர் மைதீன் தன் தாத்தா காலத்துத் தார்ப்பாய் மிஷினை இறக்கினார். சக்கரம் இம்மி அசையவில்லை. தசராவுக்கு முன்னால் வேண்டும் என்றார்.

பியூலா ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இதை நீங்களே பாருங்க. நான் கை வைக்க மாட்டேன். சரியா முடிச்சிட்டா அடியில உங்க பேரை எழுதிக்கிடுங்க."

ஆவுடையப்பன் அன்றைக்குச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் உழைத்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், துருவைச் சுரண்டினார், கழற்றியதை எல்லாம் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி நம்பர் போட்டார். தாலுகா ஆபீஸ் புத்தி எங்கே போகும்? ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் மாட்டி, வாரைப் பூட்டி, மிதித்தார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. பூரித்துப்போய்ப் பேப்பரை மடிக்கக் குனிந்தார்.

பேப்பரில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.

உடனே மிஷினைப் பிரித்தார். பாபின் கேஸில் நூலை இறுக்குகிற ஸ்க்ரூவாக இருக்கும் என்று பார்த்தார். அது அதன் இடத்தில் சௌக்கியமாக இருந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி ஒரு ஸ்க்ரூ மிச்சம். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் இதே கதை. போதாக்குறைக்கு இந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பு கழன்று தொங்கியது. அதை நூலால் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"என்ன அண்ணாச்சி, முடிஞ்ச மிஷினைத் திரும்பத் திரும்பப் பிரிக்கீங்க?"

"சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுதேன் வாத்தியாரம்மா."

குருவிடம் சொன்ன முதல் பொய்.

வெள்ளிக்கிழமை காலை மைதீன் லோடு ஆட்டோவும் நாலு ஆளுமாக வந்தார். தார்ப்பாயை நாலாக மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்து ஒரே மூச்சில் தைத்துப் பார்த்தார். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது.

"எங்க தாத்தா காலத்துலகூட இப்படி ஓடியிருக்காது" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்கள் மிஷினைச் சாய்த்துப் பிடித்தார்கள். பியூலா பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் நீட்டினார்.

"எழுதுங்க அண்ணாச்சி."

ஸ்க்ரூ சட்டைப் பையில் இருந்தது. ஒருத்தருக்கும் தெரியாது. மிஷினோ அருமையாக ஓடுகிறது. எழுதிவிட்டால் ஆசைப்பட்டது நடந்துவிடும். ஆவுடையப்பன் பிரஷ்ஷை வாங்கினார். பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை ஓடவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"மைதீன், மிஷினை ஏத்தாதீங்க. ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு. எங்க உள்ளதுன்னு நாலு நாளாத் தேடுதேன், பிடிபடலை. தைக்கையில ஏதாவது தெறிச்சு உங்க ஆளுக கண்ணுல பட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அண்ணாச்சி, நாளைக்குப் பந்தல் கட்டணும். இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி?"

"தப்புதான். திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். பேரு எழுதுற ஆசையில மறைச்சுட்டேன்."

பியூலா கையை நீட்டினார். ஸ்க்ரூவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தார். அடக்கிய சிரிப்பில் பியூலாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆவுடையப்பனின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நூலை அறுத்து, கம்பைப் பொருத்தி, அந்த ஸ்க்ரூவை வைத்துத் திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியைத் திரும்ப அவர் மூக்கில் மாட்டிவிட்டார்.

மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுமக்க வந்தவர்கள் மிஷினைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம். ஆவுடையப்பனும் சிரித்தார், காது சிவக்கச் சிவக்க.

"சரி, இப்ப எழுதலாமில்ல?" என்றார் பியூலா.

"வேண்டாம் வாத்தியாரம்மா. சொந்த மூக்குமேல உள்ளது தெரியாம நாலு நாளா மிஷினைக் குடைஞ்சிருக்கேன். பேரு எழுதுறதுக்கெல்லாம் நான் லாயக்கு இல்லை. நீங்களே எழுதுங்க."

பியூலா மைதீனையும் ஆட்களையும் டீக் குடிக்க அனுப்பினார். அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகரடப்பாவை எடுத்து வந்து ஆவுடையப்பன் உள்ளங்கையில் கவிழ்த்தார். நாலு ஸ்க்ரூ விழுந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

"இது எந்த மிஷின்ல உள்ளது?"

"தெரியாது. தொழிலுக்கு வந்த புதுசுல எனக்கு மிச்சமானது. மொத்தம் பதினொண்ணு இருந்துச்சு."

"உடையவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை. மிஷின் ஓடுச்சு, அனுப்பிட்டேன்."

ஆவுடையப்பன் கையிலிருந்த ஸ்க்ரூக்களை எண்ணிப் பார்த்தார்.

"மிச்சம் ஏழு?"

"மிஷின் அகப்பட அகப்பட மாட்டிட்டேன். அதுக்குத்தான ஊர் ஊரா அலையுதேன்."

ஆவுடையப்பன் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை நாளும் பைத்தியம் என்று நினைத்ததற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். அப்படியும் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை.

"பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகியிருக்கும். கைமாறி எங்க எங்கயோ போயிருக்கும். துருப்பிடிச்சா எல்லா மிஷினும் ஒண்ணுபோலத்தான இருக்கு. உங்க மிஷினை நீங்க எப்படிக் கண்டுபிடிக்கீங்க?"

பியூலா பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து அவர் கையில் கொடுத்தார்.

"பலகைக்கு அடியில பாப்பேன் அண்ணாச்சி. என் பேரு இருக்கும்."