கிணற்றுக்குள் ஒரு மே

மந்தாரப்பட்டிக்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள். இது அவர்களே சொன்னது. வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்த ஊர் மாரியம்மன் கோவிலில் கதை சொல்ல வந்த புலவர் ஒருவர், பேச்சுவாக்கில், காக்கை 'கா' என்று கத்துவதால்தான் அதற்கு அந்தப் பேர், தன் பேரைத் தானே சொல்லிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவம், எந்த ஊரில் வாயைத் திறந்தோம் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாளே ஊர் கூடி முடிவெடுத்தது. எது என்ன சத்தம் போடுகிறதோ, அதுதான் அதன் நிஜப் பேர். மற்றதெல்லாம் அடுத்தவர் வைத்தது, செல்லாது. நாட்டாண்மை பொன்னுரங்கம் தன் வீட்டுக்குப் போய்ப் பூசணிக்காயைத் தட்டினார், 'டொக்' என்றது. கதவைத் தட்டினார், அதுவும் 'டொக்' என்றது. சாம்பாருக்கு டொக்கை வெட்டி வைக்கச் சொல்லிவிட்டு மனைவி குளத்துக்குப் போக, அவர் வாசற்கதவைப் பிளந்து வைத்தார். வேகத்தான் கொஞ்சம் நேரமானதாம்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் செங்கமலத்தின் சினையாடு ராசாத்தி, மேய்கிற போக்கில் ஊர்ப் பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. ஆழம் அதிகமில்லை, அடியில் வெறும் மணல். ஆனாலும் நிறைமாதமாயிற்றே. செங்கமலம் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஊரே கயிறும் கையுமாக வந்து நின்றது.

நாட்டாண்மை கையைக் காட்டித் தடுத்தார். உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் ஏற்றிவிட்டு, நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது?

"என் ராசாத்திங்க" என்றாள் செங்கமலம்.

"நீ சொன்னா ஆச்சா? அதைக் கேளு."

அவள் குனிந்து, "ராசாத்தி, நீதானம்மா?" என்றாள்.

"மே" என்றது ஆடு.

"பாத்தியா, அதுவே இல்லைங்குது" என்றார் நாட்டாண்மை. "உள்ளே இருக்கறது மே. உன் ராசாத்தியை வேற எங்கயாவது தேடு."

செங்கமலம் அதையும் நம்பிவிட்டாள். குட்டியிலிருந்து கஞ்சித் தண்ணி ஊற்றி வளர்த்தவளிடம், நிஜப் பேரை இத்தனை நாள் மறைத்திருக்கிறதே. முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் குனிந்தாள். தொபுக்கடீர்.

"உள்ளே இப்ப ஒரு மே, ஒரு தொபுக்கடீர்" என்று நாட்டாண்மை அறிவித்தார்.

அப்போது அவள் புருஷன் சடையப்பன், பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு வந்தான். செங்கமலம் என்று யாரும் உள்ளே இல்லை, தொபுக்கடீர்தான் இருக்கிறது என்றார்கள். அப்படியா என்று எட்டிப் பார்த்தான். அவனும் தொபுக்கடீர்.

"ரெண்டும் ஒரே பேரு. சொந்தக்காரங்களா இருக்கணும்" என்றார் ஒருவர்.

உள்ளே சடையப்பன் பெண்டாட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவள் ஆட்டைப் பதமாகத் தூக்கி மேலே விட்டாள். அவள் கை கிணற்று விளிம்பில்தான் இருந்தது, ஒரு எம்பு எம்பினால் வெளியே. ஆடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்த நிம்மதியில், மெல்லக் கீழே இறங்கிவிட்டாள்.

மேலே நாட்டாண்மைக்கு ஒரு சந்தேகம். 'தொபுக்கடீர்' என்றது மண்ணா, விழுந்த ஆளா? உள்ளேயிருந்து வந்ததைத்தான் கேட்க வேண்டும் என்று, ஆட்டிடம் போய், "உள்ளே இன்னும் யாரும்மா இருக்காங்க?" என்று விசாரித்தார்.

"மே" என்றது ஆடு.

சாட்சி கிடைத்துவிட்டது, உள்ளே இருப்பவையும் மேதான். இருக்கிற மேக்களும் பட்டினி கிடக்கக்கூடாது என்று, ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, ஊர் மனநிறைவோடு கலைந்தது.

சடையப்பன் கட்டை அவிழ்த்துக் கொழுந்தாகப் பார்த்து அவள் கையில் கொடுத்தான்.

"நல்லவேளை புள்ளே, ஆடு நம்மளை 'உர்'ருன்னு சொல்லலை. கறியைப் போட்டிருப்பாங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற."