எறும்புகள் ஏன் வழியில் நின்று தலை தொடுகின்றன

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்து என்ன, நின்று பேசத்தான் ஆள் இல்லை. எதிரே வருவது அக்காவா தங்கையா என்றுகூடப் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் ஓட்டம்தான். வரிசையில் ஒருத்தி நின்றுவிட்டால் அது பெரிய மானக்கேடு. "என்னடி, கால் தேஞ்சு போச்சா?" என்று கேட்டே பின்னால் வருகிறவர்கள் உயிரை எடுத்துவிடுவார்கள்.

கோயில் மதிலோரம் இருந்த ஓர் எறும்புப் புற்றில் கசப்பி என்று ஒருத்தி இருந்தாள். மருந்து கொடுப்பது அவள் வேலை. மழைக்காலம் வந்தால் அந்தப் புற்றுக்கு வெள்ளைப் பூசணம் என்ற நோய் வரும். முதலில் காலில் பஞ்சு மாதிரி ஒட்டும். பிறகு உடம்பெல்லாம் மூடும். அப்புறம் அந்த எறும்பைத் தூக்கி வெளியே போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கசப்பி ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். வெயிலில் காய்ந்து வீரியம் போன பூசணத்தைத் தெரியாமல் நக்கிவிட்டவர்கள் ஒருநாள் சோர்ந்து படுத்தார்கள், மறுநாள் எழுந்துவிட்டார்கள். அடுத்த மழையில் நிஜப் பூசணம் வந்தபோது அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை. எதிரியின் முகத்தை உடம்பு ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும் என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் கோடை தோறும் பூசணத்தைக் கல்லில் பரப்பிக் காயவைத்து, வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு துளி நாக்கில் வைப்பாள். வேப்பங்காய்க் கசப்பு. அவளுக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

உயிர் காக்கிற மருந்து, எல்லாரும் முந்திக்கொண்டு நாக்கை நீட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

"எனக்குப் போன மழையில ஒண்ணும் வரலையே" என்றாள் ஒருத்தி. "அதான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்களே, நான் ஒருத்தி எதுக்கு?" என்றாள் இன்னொருத்தி. அதே பதிலை அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதை நக்கினா இடுப்பு ஒல்லியாயிடுமாம்க்கா" என்றாள்.

கசப்பி அவள் இடுப்பைப் பார்த்தாள். இருப்பதே ஒரு நூல். இதற்கு மேல் ஒல்லியாக அங்கே என்ன இருக்கிறது?

"யாருடி சொன்னா?"

"கறையான் சொன்னா."

"நாம செத்தா நம்ம வீட்டுக்குக் குடிவரக் காத்திருக்கிறவ அவ. அவ பேச்சைக் கேட்டுட்டு என்கிட்ட வந்து நிக்கிற!"

தலையில் அடித்துக்கொள்ள ஆறு கால் இருந்தும் கசப்பிக்குப் போதவில்லை.

பெரியவர்கள் எப்படியோ போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் பிள்ளை அறையில் புழுக்குஞ்சுகள் கிடந்தன. அந்தப் பிஞ்சு வாயில் கசப்பை வைக்க முடியாது, உடம்பு தாங்காது. சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் மருந்து எடுத்துக்கொண்டால் பூசணம் உள்ளே போக வழி கிடைக்காமல் வாசலோடு நின்றுவிடும். குஞ்சுகளுக்கு இருந்த காவல் அது ஒன்றுதான்.

அந்தப் புற்றிலேயே பலசாலி சுமைநாச்சி. தன்னைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு அநாயாசமாக நடப்பாள். நல்லவள்தான், அதில் குறை சொல்ல முடியாது. பிள்ளை அறையின் மூலையில் கடைசியாகப் பிறந்த ஒரு குஞ்சு கிடந்தது. அதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தது அவள்தான். எங்கே போனாலும் அதன் வாய்க்கு இனிப்பாக ஏதாவது கொண்டுவராமல் இருக்க மாட்டாள். அவள் காலடி கேட்டாலே அது தலையைத் தூக்கி வாயைத் திறக்கும்.

கோடை முடிந்து கோயிலில் திருவிழா வந்தது. மறுநாள் பந்தி. பூந்தி சிந்தும். நிற்காமல் ஓடுகிற கூட்டத்தில் யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்குத் தவறிப்போய், வாசலில் கசப்பி கேட்டாள்: "நாச்சி, மருந்து எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் ஒருநாள் படுக்க வேண்டும். படுத்தால் பூந்தியை யார் தூக்குவது? கடைக்குட்டிக்கு யார் கொண்டுபோவது? நின்று பதில் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் வேறு கத்துவார்கள்.

"ஆச்சு, ஆச்சு, வழிய விடு!" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

ஒரு பொய். அதுவும் ஓடுகிற ஓட்டத்தில் சொன்னது.

மறுநாள் பந்தி நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த எச்சில் இலைகளுக்கு நடுவே புகுந்து, சுமைநாச்சி ஒரு முழுப் பூந்தியை இழுத்து வந்தாள். அவள் பின்னங்காலில் வெள்ளையாக ஓர் இழை ஒட்டியிருந்தது. அவளும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குத்தான் யாரும் நிற்பதில்லையே. நேராகப் பிள்ளை அறைக்குப் போய்க் கடைக்குட்டிக்கு ஊட்டினாள்.

சுமைநாச்சிக்கு இரண்டு நாள் கால் வலித்தது, அவ்வளவுதான். வாட்டசாட்டமான உடம்பு, தாங்கிக்கொண்டது. மூன்றாம் நாள் அவள் மிச்சப் பூந்தியோடு போனபோது கடைக்குட்டி தலையைத் தூக்கவில்லை. அதன் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பக்கத்தில் கிடந்த குஞ்சுகளும் அசையவில்லை.

அவள் பூந்தியை அப்படியே போட்டுவிட்டுக் கசப்பியிடம் வந்தாள். "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அதுக்குத்தானே ஓடினேன்... அதுக்குத் திங்கக் கொடுக்கத்தானே ஓடினேன்."

கசப்பி ஆறுதல் சொல்லவில்லை. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. "அழு" என்றாள். "அழுதுட்டு நாக்கை நீட்டு. இன்னும் குஞ்சுங்க மிச்சம் இருக்கு."

சுமைநாச்சி நாக்கை நீட்டினாள். கசப்பி துளியை வைத்தாள்.

"மருந்து எடுத்தவ மீசையில இந்தக் கசப்பு வாசனை நிக்கும். ஒரு நொடி நின்னு தொட்டுப் பார்த்திருந்தா உன் பொய்யை நான் கண்டுபிடிச்சிருப்பேன். இந்தப் புத்துல எவ நிக்கிறா, எவ நிக்க விடுறா?"

ஒருநாள் படுத்து எழுந்த சுமைநாச்சி வெளியே வந்து, வரிசையின் நடுவில், எந்தச் சுமையும் இல்லாமல் நின்றாள். எதிரே வந்தவளை மறித்துத் தலையோடு தலை வைத்து, மீசையால் அவள் மீசையைத் தொட்டாள்.

"என்னக்கா இது, ஆச்சுன்னு வாயால சொன்னா போதாதா?"

"நானும் வாயாலதான் சொன்னேன்."

எதிரே வந்தவள் தலையை நீட்டினாள். பிள்ளை அறையில் நடந்தது புற்று முழுக்கத் தெரிந்திருந்தது. வாசனை இல்லாதவர்களைச் சுமைநாச்சி பிடரியில் தள்ளிக்கொண்டுபோய்க் கசப்பியின் முன் நிறுத்தினாள். ஏற்கெனவே பார்த்தவர்களையும் திரும்ப வரும்போது மறுபடி பார்த்தாள். "இப்பதானே பார்த்தே!" என்று சலித்துக்கொண்டவர்களிடமும் தலையை நீட்டச் சொன்னாள். பிறகு அவர்களும் எதிரே வருகிறவர்களை நிறுத்தித் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். வரிசையில் நிற்பது மானக்கேடு என்று அதற்குப் பிறகு அங்கே யாரும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் எறும்புகள் எவ்வளவு அவசரமாக ஓடினாலும் எதிரே இன்னொன்று வந்தால் நின்று, தலை தொட்டு, மீசை தடவிப் பார்த்துவிட்டுப் போகின்றன. பேச்சை அவை எப்போதோ விட்டுவிட்டன. "எனக்கு நேரமில்லை", "நான் ஒருத்தி எதுக்கு" என்பதையெல்லாம் இப்போது நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.