தண்ணியில கோடு போட்டவன்

ஒரு கடலாம், அந்தக் கடலுக்கு நடுவுல ஒரு தீவாம். கேக்குறியா? நீ ம் கொட்டினாத்தான் நான் சொல்லுவேன். ம்... சரி.

அந்தத் தீவுல கோயில் உண்டு, கடை உண்டு, ஆஸ்பத்திரி மட்டும் இல்ல. கரைக்குப் போகணும்னா வள்ளத்துல அஞ்சு மணி நேரம். அதனால சர்க்கார் ஒரு ப்ளேன் விட்டுச்சு. சக்கரத்துல ஓடுற ப்ளேன் இல்ல. கால் ரெண்டும் ரெண்டு படகு மாதிரி இருக்கும். டுர்ர்ர்னு வரும், தண்ணியில சளார்னு உக்காரும், வாத்து மாதிரி நீந்தி வந்து நிக்கும். அது நிக்கிறதுக்கு நீல டிரம் மேல பலகை அடிச்சு ஒரு மிதப்பு, பக்கத்துல ஒரு தகரக் கொட்டகை, காத்து எந்தப் பக்கம்னு காட்டக் கம்புல ஒரு துணிப் பை. அம்புட்டுத்தான் ப்ளேன் துறை.

அந்தத் துறையில அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு வேலை. அண்ணன் பேரு தொம்மை. அவன் கையில வாக்கிடாக்கி, ப்ளேன் ஓட்டுறவர்கிட்ட பேசுறது அவன். தம்பி பேரு சந்தியாகு. அவன் கையில சொந்த மோட்டார் வள்ளம். அவன் வேலை என்ன தெரியுமா? தண்ணியில கோடு போடுறது.

சிரிக்காத. எல்லாரும் சிரிச்சுத்தான் அந்தக் கதி வந்துச்சு.

காத்து அடிச்சா கடல்ல அலை இருக்கும். மேல இருந்து பாக்குறவருக்குத் தண்ணி எங்க இருக்குன்னு தெரியும். காத்து செத்த அன்னைக்குக் கடல் கண்ணாடியாக் கெடக்கும். அப்போ மேல பாத்தாலும் வானம், கீழ பாத்தாலும் வானம். தண்ணி பனைமர ஒசரத்துக்குக் கீழ இருக்கா, ஒரு முழத்துக்குக் கீழ இருக்கான்னு பிடிபடாது. தப்பா எறங்கினா மூக்கு குத்தி எல்லாரும் முழுகணும். அப்போ சந்தியாகு போவான். சர்ருன்னு கயித்தை இழுப்பான், பட்பட்பட்னு வள்ளம் கிளம்பும். குறுக்கயும் நெடுக்கயும் ஓட்டி வெள்ளை வெள்ளையாக் கோடு போடுவான். அந்தக் கோட்டைப் பாத்துத்தான் ப்ளேன் எறங்கும்.

ம்?

அப்புறம் ஒரு நாள் மேலதிகாரி வந்தாரு. மிதப்புல நின்னு, "இந்த ஆளுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாரு. தொம்மை ஒழுங்காப் பதில் சொல்லியிருக்கலாம். வேடிக்கை பாக்க வந்த கூட்டத்தைப் பாத்ததும் அவனுக்கு நாக்கு அரிச்சுச்சு.

"தண்ணியில கோடு போடுறான் சார். எங்க ஊர்ல நண்டும் அதைத்தான் பண்ணுது."

கெக்கெக்கேன்னு ஊரே சிரிச்சுச்சு. அதிகாரியும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே எழுதிட்டுப் போனாரு. அடுத்த மாசம் சந்தியாகுக்கு வேலை இல்ல.

வேலை போனதைக்கூட விடு. அவன் பேரே நண்டுன்னு ஆயிருச்சு. தெருவுல போனா பொடிசுங்க பக்கவாட்டுல நடந்து காட்டுச்சுங்க. கூடப் பொறந்தவன் செஞ்சது இது. எவன் மறப்பான்?

அப்போலேர்ந்து சந்தியாகு அண்ணன் மூஞ்சியில முழிக்கல. அண்ணன் பொண்டாட்டி பிரகாசி மட்டும் மீன் குழம்பைச் சட்டியோட தூக்கிக்கிட்டு வருவா. எட்டு மாசக் கர்ப்பம் ஆன பிறகும் மூச்சு வாங்க வாங்க வருவா. "கொழுந்தனாரே, அவருக்கு நாக்குதான் நீளம், மனசுல ஒண்ணுமில்ல"ம்பா. சந்தியாகு குழம்பை முழுங்குவான், பேச்சை முழுங்க மாட்டான்.

தினம் விடிஞ்சதும் கரைக்குப் போயி விரலை நனைச்சுக் காத்துல நீட்டுவான். "ஏ காத்தே, ஒரு நாளைக்குச் செத்துப் போ. ப்ளேன் எறங்க முடியாம திண்டாடட்டும். அவன் வந்து என் முன்னாடி நிக்கட்டும்." அந்த வருசம் பூராக் காத்து ஓயல. "பாத்தியா, கோடு இல்லாமலே எறங்குது"ன்னு ஊரு பேசுச்சு.

"அப்புறம் காத்து செத்துச்சா?"

செத்துச்சு. ஒரு நாள் காலையில துணிப் பை தொங்கிப் போச்சு. கடல் அசையவே இல்ல. வள்ளமெல்லாம் விடியுறதுக்கு முன்னாடியே மீனுக்குப் போயிருச்சு. கரையோரத் தண்ணியில நின்னது சந்தியாகு வள்ளம் ஒண்ணுதான். அன்னைக்குன்னு பாத்து பிரகாசிக்கு நேரங்கெட்ட வலி. ரத்தம் நிக்கல. நாலு பொம்பளைங்க கட்டிலோட தூக்கியாந்து மிதப்புல வச்சாங்க.

டுர்ர்ர்ர்... ப்ளேன் வந்துச்சு. ஒரு சுத்து சுத்துச்சு. "தண்ணி தெரியல, கோடு போடச் சொல்லுங்க"ன்னு வாக்கிடாக்கி கத்துச்சு. தொம்மை துடுப்பை எடுத்துப் பளார் பளார்னு தண்ணியை அடிச்சான். மேல இருந்து பாக்க அது எந்த மூலைக்கு?

சந்தியாகு வள்ளத்துல உக்காந்து எல்லாத்தையும் பாத்தான். மதினியையும் பாத்தான். கயிறு அவன் கையிலதான் இருந்துச்சு. வரட்டும், வந்து கேட்ட நொடியில இழுத்துருவேன்னு நினைச்சான்.

அப்போ தொம்மை ஓடி வந்தான், தொப்புத் தொப்புன்னு மணல்ல விழுந்து எந்திரிச்சு.

"சந்தியாகு, வள்ளத்தை எடு!"

"சந்தியாகா? இங்க அப்படி யாருமில்லையே. நண்டுதான் இருக்கு."

டுர்ர்ர்... ரெண்டாவது சுத்து.

"தம்பி, விளையாடாதடா. மதினி கண்ணு சொருகுதுடா. தப்புதான், கும்பிடுறேன்."

"அன்னைக்குக் காதோடயா சொன்ன? அந்தா, மிதப்புல இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கச் சொல்லு."

டுர்ர்ர்... மூணாவது சுத்து.

தொம்மை முட்டி போட்டான். மிதப்பு பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினான். "என் தம்பி கோடு போடாம ப்ளேன் எறங்காது! நான்தான் நண்டு! நான்தான் நண்டு!"

சந்தியாகுக்கு நெஞ்சு குளுந்துச்சு. ஒரு வருசமாக் கேட்டது கிடைச்சிருச்சு. சர்ருன்னு இழுத்தான். ஒரே இழுப்புல பட்பட்பட். போனான், வந்தான், திரும்பினான். அப்படிக் கோடு அவன் அதுக்கு முன்னாடி போட்டதே இல்ல. பால் ஊத்தின மாதிரி நேரா, அழகா. போட்டுட்டு நிமிந்து பாத்தான்.

கொசு மாதிரித் தூரத்துல போயிக்கிட்டிருந்துச்சு ப்ளேன். மணல்ல கெடந்த வாக்கிடாக்கி பேசிக்கிட்டே இருந்துச்சு. "எண்ணெய் இல்ல, இனி சுத்த முடியாது, நாளைக்கு வர்றேன், கேக்குதா? கேக்குதா?"

ம் சொல்லு. சொல்லலியா? சரி.

அப்புறம் கட்டிலை வள்ளத்துல ஏத்தினாங்க. சந்தியாகு ஓட்டினான், தொம்மை தலைமாட்டுல உக்காந்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. பிரகாசி ஒரு தடவை கண்ணைத் தொறந்தா. "கொழுந்தனாரே, சட்டி உங்க வீட்டுலதான் கெடக்கு"ன்னா. அப்புறம் பேசல. மூணாவது மணி நேரத்துல மூச்சும் இல்ல. வயித்துல இருந்ததும் அவளோடயே போயிருச்சு.

சந்தியாகு திரும்பிப் பாத்தான். கண்ணாடி மாதிரிக் கெடந்த கடல்ல, தீவுல இருந்து வள்ளம் வரைக்கும் ஒரே கோடு. அவன் போட்டதுலயே நீளமான கோடு அதுதான். அதைப் பாத்து எறங்க மேல ஒண்ணுமில்ல. கரை தெரியுற நேரத்துக்குச் சிலுசிலுன்னு காத்து வந்துச்சு, அதையும் அழிச்சுருச்சு.

சட்டி இன்னும் அவன் வீட்டுலதான் இருக்கு. கழுவிக் கவுத்தி வச்சிருக்கான்.

ஆனா ஒண்ணு. முதல்ல வாயை விட்டது தொம்மை. கூட்டத்துல வச்சு நண்டுன்னு சொன்னது அவன்தான், அதை மறந்துறாத. இப்போ நீ சொல்லு, தப்பு யாரு மேல?

ம்?

ஏ புள்ள, யாரு மேல தப்பு?

சொல்லேன், ஒரு வார்த்தை.

...தூங்கிட்டியா. சரி. கோட்டைக் காத்து அழிச்சுருச்சு, கதையைத் தூக்கம் அழிச்சுருச்சு. தூங்கு.