வண்டி ஓட்டியது யார்?

“காயத்தை மட்டும் வெச்சு, வண்டி ஓட்டினது யாருன்னு சொல்லிட முடியுமா மேடம்?”

தெய்வநாயகம் கேட்டது ஷாஹிதாவிடம். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த மெடிக்கல் கோடிங் அலுவலகத்தில் அவள்தான் அவருக்கு டிரெய்னர். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டாள். அதனால் அந்தத் தளம் முழுக்க அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர்.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் எங்கோ அடிபட்டவர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படிப்பது அவர்கள் பிழைப்பு. உடைந்த எலும்புக்கு ஒரு கோட், அதாவது குறியீட்டு எண். மோதிய வண்டிக்கு ஒரு கோட். அடிபட்டவர் வண்டியை ஓட்டினாரா, சும்மா உட்கார்ந்து வந்தாரா, அதற்கும் ஒரு கோட்.

“குறிப்புல எழுதியிருக்கா?” என்றாள் ஷாஹிதா.

“இல்ல.”

“அப்ப முடியாது.”

“வலது மணிக்கட்டு உடைஞ்சிருக்கு மேடம். ஹேண்டில்பாரைப் பிடிச்சிருந்தாத்தானே அப்படி…”

“பின்னால உக்காந்தவன் கையை ஊணி விழுந்தாலும் உடையும்.”

“தொடை எலும்பு?”

“யாருக்கு வேணா உடையும். யார் ஃபைல் சார் இது?”

“ஃபைல் இல்ல மேடம். என் பையன்.”

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், மகன் முகிலனும் அவன் நண்பன் ஆல்வினும் ஒரே பைக்கில் போயிருக்கிறார்கள். பைபாஸில் வண்டி சறுக்கிவிட்டது. பார்த்தவர் யாருமில்லை. ஆல்வின் அங்கேயே இறந்துபோனான். முகிலன் காலில் பிளேட் வைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். யார் கேட்டாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான்.

ஓட்டியது ஆல்வின் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், தெய்வநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்துவிடும். அது கிடைக்காமல் மனுஷன் நிலைகொள்ளாமல் அலைந்தார். சோறு இறங்கவில்லை. ஆல்வினின் அம்மா எதிரில் வந்துவிடுவாளோ என்று பயந்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் பால் பூத்துக்கு ஊரைச் சுற்றிப் போனார்.

“குறிப்பு தெளிவா இல்லேன்னா நாம என்ன பண்ணுவோம் சார்?”

“எழுதின டாக்டருக்கு க்வெரி போடுவோம். கேள்வி அனுப்புவோம்.”

“போட்டீங்களா?”

“தினம் போடறேன் மேடம்.”

“என்னன்னு?”

“‘நீ ஓட்டலதானேடா?’ன்னு.”

“ரிஜெக்ட்,” என்றாள் ஷாஹிதா.

அவருக்குச் சுருக்கென்றது. அந்தச் சட்டம் அவருக்குத் தெரியும். டாக்டருக்கு அனுப்பும் கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்கக்கூடாது. போன மாதம்தான், “நோயாளியே காரை ஓட்டி வந்தார் என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு டாக்டருக்கு எழுதி, இவளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்தார்.

“மாத்திட்டேன் மேடம். ‘யாருடா ஓட்டினது?’ இப்ப சரிதானே? இதுல பதில் இல்ல.”

“இருக்கு சார். ரெண்டு இருக்கு.”

“ரெண்டா?”

“ரெண்டுல ஒண்ணு உங்களுக்குப் பிடிச்சது. எதுன்னு பையனுக்குத் தெரியாதா?”

காபி கையில் ஆறிப்போயிற்று.

அதற்கு அடுத்த நாள் இடத்தில் போய் உட்காரக்கூட இல்லை. நேராக அவளிடம் வந்து நின்றார்.

“‘அப்பா திட்டமாட்டேன், உண்மையைச் சொல்லு’ன்னு கேட்டுப் பார்த்தேன்.”

“இதுவரைக்கும் பொய்யா சொன்னான்?”

“ஒண்ணுமே சொல்லலையே!”

“அப்புறம் எதுக்கு உண்மையைச் சொல்லுன்னு கேக்கறீங்க?”

தெய்வநாயகத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கா மேடம்?”

“இல்ல சார்.”

“அதான்! இருந்தா இப்படி ரூல் பேசிட்டிருக்க மாட்டீங்க. நாலு சுவத்துக்குள்ள ஒரு பையன் பேசாமக் கிடந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்?”

தளத்தில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

ஷாஹிதா எழுந்து அவருடைய மேஜைக்குப் போனாள். பின்னாலேயே அவரும் போனார். கம்ப்யூட்டரில் கேள்வி எழுதும் பெட்டியைத் திறந்து கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“பையன்கிட்ட என்ன கேக்கணுமோ, எல்லாத்தையும் எழுதுங்க.”

அவர் எழுதினார். கோபத்தோடு எழுதினார். யார் ஓட்டியது, எவ்வளவு வேகம், ஹெல்மெட் எங்கே போயிற்று, மழையில் ஏன் போனீர்கள், யார் வண்டியை எடுக்கச் சொன்னது, ஏன்டா என்னோடு பேசமாட்டேன் என்கிறாய். பெட்டி நிறைந்து வழிந்தது. நிறுத்தும்போது கண்ணும் நிறைந்திருந்தது.

“முடிஞ்சதா?”

“முடிஞ்சது.”

ஷாஹிதா குனிந்து அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. கடைசி வரியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அது தின்றுகொண்டே போயிற்று. பெட்டி காலியானதும் விரலை எடுத்துக்கொண்டு, டிபன் பாக்ஸோடு சாப்பிடப் போய்விட்டாள்.

தெய்வநாயகம் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையாவது டைப் அடிக்க விரல் துறுதுறுத்தது. ஒன்றை நினைத்தார், அதற்குள் ஆல்வின் இருந்தான். இன்னொன்றை நினைத்தார், அதற்குள் போலீஸ் இருந்தது. மூன்றாவதில் அவரே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றியதும் மகனின் அறைக்குப் போனார். வழக்கமாக நிலைப்படியில் நின்றுதான் விசாரணை நடக்கும். இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

முகிலன் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

“அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?”

அந்த மௌனத்துக்குள் இன்னொரு கேள்வியைத் திணிக்க அவர் நாக்கு பரபரத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சமையலறையில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. வாசலில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

முகிலன் சுவரைப் பார்த்தபடியே பேசினான். குரல் தேய்ந்துபோயிருந்தது.

“ஆல்வின் அன்னிக்குப் புதுச் சட்டை போட்டிருந்தான்பா.”

தெய்வநாயகம் வாயிலிருந்து கையை எடுத்தார்.

“என்ன கலருப்பா?”