கூப்பிட்டால் வராத முயல்கள்

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கிவந்து தண்ணீர் குடிக்கும் ஒரு மலைநாட்டில், மாரப்பன் என்றொரு தினைக்காவலன் இருந்தான். கிளியோடு பேசுவான், காற்றோடு பேசுவான், யாரும் இல்லையென்றால் தன் நிழலோடு பேசுவான்.

அந்த நாட்டின் மலைமேல் ஒரு மந்திரவாதியும் இருந்தான். வளர்த்தவர் குரலிலேயே "வா" என்று அழைப்பான். நம்பி ஓடிய பசுவும் நாயும் கோழியும் அவன் வாசலில் மண்பொம்மையாகிவிடும். மாரப்பன் வீட்டில் ஒரு வெள்ளாடுதான் மிஞ்சியது. அதற்குக் காது கேட்காது.

"மனிதக் கையில் பால் குடித்த உயிர் ஒன்று, என் அழைப்பை மூன்று முறை கேட்டும் வராமல் போனால் என் மாயம் பொடியாகும். அப்படி ஒன்று உண்டா?" என்று மந்திரவாதி சிரிப்பான்.

ஒருநாள் கழுகு ஒரு தாய்முயலைத் தூக்கிப்போனது. தினைத்தாளுக்குள் மூன்று குட்டிகள் நடுங்கிக் கிடந்தன. மாரப்பன் கூடையில் அள்ளிவந்தான்.

"இதுகளையும் அவன் கூப்பிடுவானுங்க," என்றாள் மனைவி வேலாத்தா.

"என் குரல் தெரிஞ்சாத்தானே போகும்? நான் பேசவே மாட்டேன்."

"நீங்களா? தூக்கத்திலயே கிளி விரட்டறவரு!"

பஞ்சுத்திரியை ஆட்டுப்பாலில் நனைத்து, தாய்முயல்கள் பாலூட்ட வரும் நேரமான விடியலிலும் அந்தியிலும் ஊட்டினான். வாய் துடித்தது, பேசவில்லை. ஈரத்துணியால் குட்டிவயிற்றைத் தடவினான். வாய் துடித்தது, பேசவில்லை. குட்டிகள் புல் கடிக்கத் தொடங்கின. சின்னது அவன் விரலை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டு பால் குடித்தது. வாய் துடித்தது.

"கண்ணு," என்றுவிட்டான்.

அன்றுமுதல் "கண்ணு" என்றால் சின்னது குதித்துவந்து கால்விரலை முகர்ந்தது.

"போச்சுங்க," என்றாள் வேலாத்தா.

மாரப்பன் முகம் செத்துப்போயிற்று. அந்தியில் மூன்றையும் காட்டோரம் விட்டான். கிளி விரட்டும் குரலை எடுத்தான்.

"ஆலோ! ஆலோ! ஓடு!"

இரண்டு ஓடின. சின்னது நின்று பார்த்தது. மாரப்பன் அழுதுகொண்டே கத்தினான். அதுவும் ஓடும்வரை கத்தினான். தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் விடியலில் மாரப்பன் காட்டோரம் வந்து நின்றான். மலைமேலிருந்து அவன் குரலிலேயே மந்திரவாதி அழைத்தான்.

"கண்ணு, வா!" இரண்டு முயல்கள் புதருக்குள் பாய்ந்தன.

"கண்ணு, வா!" சின்னது காதை நிமிர்த்தியது. ஓர் அடி எடுத்துவைத்தது. தடுக்க மாரப்பனுக்குக் குரல் இல்லை.

"கண்ணு, வா!"

நேற்று விரட்டிய குரலல்லவா! சின்னது சட்டென்று திரும்பி, ஒரே தாவில் காட்டுக்குள் மறைந்தது.

மலைமேல் மண்பொம்மைகள் படபடவென்று வெடித்தன. பசுக்கள் கதறிக்கொண்டு இறங்கின, நாய்கள் குரைத்துக்கொண்டு இறங்கின, கோழிகள் பறந்துகொண்டு இறங்கின. மந்திரவாதிக்கு மிஞ்சியது அவனுடைய சொந்தக் குரல் மட்டும். அதற்கு ஒரு கொசுகூட வரவில்லை.

அந்த நாட்டு ராஜா மகிழ்ந்து, காட்டோரத் தினைக்கொல்லையை மாரப்பனுக்கே கொடுத்தார். தினமும் காலையில் அங்கே தளிர்கள் கடிபட்டிருக்கும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருபவன், அந்த இடத்தில் மட்டும், மறுபடி "கண்ணு" என்றுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நடப்பான்.

"இன்னிக்குப் பார்த்தீங்களா? சின்னது உங்ககிட்ட வந்துச்சுங்களா?" என்று கேட்பாள் வேலாத்தா.

"என்னைப் பார்த்ததும் ஓடியே போச்சு!" என்பான் மாரப்பன், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த முயலின் பின்னாலேயே இந்தக் கதையும் புதருக்குள் ஓடிவிட்டது.